அரை விநாடியில் வந்த மணி

எண்ணை அழுத்தி முடிப்பதற்கும் காதில் மணி கேட்பதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பேசுகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மங்கையர்க்கரசிக்குச் சோறு போட்டது அந்த இடைவெளிதான். நாட்டில் தொலைபேசி அழைப்புகள் மொத்தமும் இணையத்துக்கு மாறி, பழைய எக்ஸ்சேஞ்சுகளை எல்லாம் காயலான் கடைக்கு அனுப்பிவிட்ட பிறகு, எந்த நிறுவனத்தின் வழியாகக் கூப்பிட்டால் எவ்வளவு சீக்கிரம் மணி கேட்கிறது என்று அளந்து சான்றிதழ் கொடுக்க சென்னையில் ஓர் அளவை மையம் வந்தது. அதில் அவள் மூத்த பொறியாளர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்கமாட்டாள். அதனாலேயே பதவி உயர்வு அவளைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அளவை விதி எளிமையானது. அழைப்பவர் எண்ணை அழுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். அவர் காதில் மணி கேட்டதும் நின்றுவிடும். மறுமுனையில் யார் எடுத்தார்கள், எடுக்கவில்லை என்பதெல்லாம் மையத்தின் கவலை இல்லை. அழைத்தவரே மனம் மாறித் துண்டித்துவிட்ட அழைப்புகளும் கணக்கில் சேராது. விதியை எழுதியவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். படித்தவர்களும் அப்படியே உட்கார்ந்து படித்தார்கள்.

அந்த வருடம் 'மின்னழை' என்ற நிறுவனம் போட்டியில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. மற்றவர்கள் இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொண்ட இடத்தில், மின்னழையில் விரலை எடுப்பதற்குள் மணி கேட்டது. ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசி கொடுக்கும் உரிமையும், பழைய அழைப்புப் பதிவுகளோடு, அவர்களுக்கே போனது. மையம் முத்திரை குத்தியது. 'நினைத்தவுடன் மணி' என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன முதல் சுற்றிலேயே, புன்னைத்துறையைச் சேர்ந்த 'சமுத்திர மாதா' என்ற விசைப்படகு காற்றில் கவிழ்ந்தது. மூன்று பேர் திரும்பவில்லை. பிழைத்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்காக ஒன்றைச் சொன்னார்கள்: படகில் தண்ணீர் ஏறியபோது கரையிலிருக்கும் வயர்லெஸ் அறைக்கு நாலு முறை போன் போட்டோம், நாலு முறையும் ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. அன்று பட்டப்பகலில் அந்த அறையில் வேலையில் இருந்தவள் டெல்பின் என்ற பெண். திரும்பாத மூவரில் ஒருவன், போன் போட்ட ஜெரால்டு, அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். இணைப்பில் தாமதம் உண்டா என்று குழு மையத்தைக் கேட்டது. மின்னழை அனுப்பிய பதிவை மங்கை பார்த்தாள். நாலு அழைப்புகள், நாலுக்கும் அரை விநாடியில் மணி. குறையே சொல்ல முடியாது. 'அழைப்பு அமைவதில் தாமதம் ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போனை எடுப்பதையே வேலையாக வைத்திருப்பவள் சொந்தத் தம்பி கூப்பிடும்போது எங்கே போய்த் தொலைந்தாள் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மறுமுனையையும் நேரில் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்ததால், விசாரணைக்கு முந்தின நாள் காலையில் நாகர்கோவிலில் ரயில் இறங்கினாள்.

வயர்லெஸ் அறை என்றதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "அந்த ஒறக்கக்காரியப் பாக்கவா போறிய?" என்று கேட்டு, அறைக்கு நூறடி முன்னாலேயே இறக்கிவிட்டார்.

துறைமுகத்தின் ஓரத்தில் ஒற்றை அறை, மொட்டைமாடியில் ஒரு பெரிய டிஷ். வெளிச்சுவரில் கரிக்கட்டையால் யாரோ 'கொலைகாரி' என்று எழுதியிருந்தார்கள். அதை அழிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. உள்ளே ஒரு மேஜை, வயர்லெஸ் கருவி, பக்கத்தில் ஒரு தொலைபேசி. டெல்பினுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. விசாரணை முடிகிற வரை அறையை விட்டுப் போகக் கூடாது என்று மீனவர் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்றாலும் அவள் போயிருக்கமாட்டாள். தம்பியைப் பறிகொடுத்த நாளிலிருந்து அம்மா அவளிடம் பேசுவதில்லை.

"எனக்கு ரிங் வரல்ல மேடம்," என்றாள் டெல்பின். பலபேரிடம் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியத்திலிருந்து உயிர் போயிருந்தது.

"ரிங் போயிருக்கு. பதிவு எங்கிட்ட இருக்கு."

"போனப் பாருங்க. ஒரு கால்கூட இதுல இல்ல. நான் அழிச்சுட்டேன்னு சொல்லியாவ. திரும்பி வந்த மத்த போட்டுக்காரரும் மிஸ்டு கால் குடுத்தோம், அதயும் இவ கேக்கல்ல, ஒறங்கிட்டாண்ணு சொல்லியாவ. நான் ஒறங்கல்ல. அண்ணைக்கு ஒரு மிஸ்டு காலும் வரல்ல."

"மிஸ்டு காலா? எதுக்கு?"

டெல்பின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. "எங்க ஊரு வழக்கமாக்கும் மேடம். போட்டு கரைக்குத் திரும்பினா ஒரு ரிங் குடுத்து கட் பண்ணுவாவ. 'எல்லாரும் சொகம், வாறோம்'ணு அர்த்தம். நான் எடுக்கக் கூடாது. எடுத்தா சேட்டிலைட்டுக்குக் காசு போயிரும். ஒத்த ரிங்கு அடிச்சு நிண்ணா, நான் போய் வீட்டுக்காரியள்ட்ட சொல்லுவேன். ரிங்கு நிக்காம அடிச்சா மட்டும் ஆபத்து, எடுக்கணும். பத்து வருசத்துல அப்பிடி அடிச்சதில்ல. எடுக்காம இருக்கதுதான் எனக்க வேல. அத நான் ஒழுங்கா செய்தேன்."

தன் கைகளைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "வேல போனா போகட்டும். ஜெயில்ல போட்டாலும் போடட்டும். அக்கா எடுக்கல்லண்ணு நெனச்சுக்கிட்டே அவன் போயிருப்பான் பாத்தியளா. அதுதான் எனக்கு ஆறல்ல."

மங்கை வெளியே வந்தாள். குற்றவாளிகள் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. குற்றவாளிகளைச் சந்தித்து அவளுக்குப் பழக்கமும் இல்லை. படகுத்துறையில் நின்று, அளவைக் கருவியை மாட்டித் தன் கைபேசியிலிருந்து வயர்லெஸ் அறைக்குப் போன் போட்டாள். அறைக்குள் மணி அடித்தது. டெல்பின் எடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கருவியில் வந்த எண் தவிர. ஒரு விநாடியைத் தாண்டியிருந்தது.

மறுபடி போட்டாள். மறுபடியும் ஒரு விநாடிக்கு மேல். நடுக்கடலிலிருந்து அரை விநாடி, நூறடி தூரத்திலிருந்து ஒரு விநாடியா? கருவியில் கோளாறு என்று நினைத்து அதை அணைத்துப் போட்டாள். அப்போதுதான் மொட்டைமாடி டிஷ் கண்ணில் பட்டது.

"டெல்பின், இந்த ஊருக்கு கேபிள் கிடையாதா?"

"போன வருசப் புயல்ல போச்சு மேடம். எழுதிக் குடுத்துக் குடுத்து சங்கத்துக்காரருக்குக் கை ஓஞ்சு போச்சு. இப்ப செல்போன் டவரு முதக்கொண்டு எல்லாம் மாடியில நிக்க அந்தக் கொடை வழியாத்தான்."

மங்கை கடற்சுவரில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டாள். ஒருமுறை போட்டு, நம்பாமல் இன்னொரு முறை போட்டாள். பிறகு எழுந்து, பிழைத்து வந்தவர்களில் ஒருவர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு நடந்தாள்.

சிலுவைதாசன் வலை பின்னிக்கொண்டிருந்தார். தோளில் கட்டுப் போட்டிருந்தது. வயர்லெஸ் அறைக்கு வாருங்கள் என்றதும் அவர் முகம் கல்லாகிவிட்டது.

"அவளுக்க மூஞ்சியில முழிக்க நான் வரமாட்டேன். ஜெரால்டு நாலு மட்டம் அடிச்சான். நான் பக்கத்துல நிண்ணேன். ஸ்பீக்கர்ல ரிங்கு நல்லா கேட்டுது. இப்ப எடுப்பா, இப்ப எடுப்பாண்ணு பாத்துக்கிட்டே நிண்ணோம். ரெண்டு போட்டு பக்கத்துலதான் கெடந்துது. வயர்லெஸ்ல கூப்பிட்டிருக்கலாம். ரிங்குதான் போகுதேண்ணு விட்டுட்டோம். அப்பறம் எஞ்சின் ரூம்ல தண்ணி கேறி பேட்டரி போச்சு, வயர்லெஸ்ஸும் செத்துது. நான் மெதக்கதுக்கு கேன் கட்ட ஓடினேன். பொறவு போட்டு சரிஞ்சுது."

"அந்த ரிங் நிஜந்தானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றாள் மங்கை. "கரையில கட்டிக் கிடக்கிற ஏதாவது ஒரு போட்டுல இருந்து போனை எடுத்துக்கிட்டு வாங்க. ஒரே ஒரு தடவை. நான் சொல்றது தப்பா இருந்தா நாளைக்கு அவளுக்கு எதிரா நானே சாட்சி சொல்றேன்."

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். அண்ணன் படகிலிருந்து படகு போனைக் கழற்றிக்கொண்டு வந்தார். கையடக்கமான கருவிதான், உள்ளேயே பேட்டரி, தலையில் ஒரு தடித்த ஏரியல். கூரைக்கு வெளியே நின்றால்தான் அதற்கு வானம் தெரியும். எனவே அவர் அறை வாசலுக்கு வெளியே, திறந்த கதவுக்கு நேராக நின்றார். டெல்பின் உள்ளே நின்றாள். இருவருக்கும் நடுவில் மேஜைமேல் அந்தத் தொலைபேசி. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் அதைப் பார்த்தார்கள்.

சிலுவைதாசன் எண்ணை அழுத்தினார். உடனே ஸ்பீக்கரில் மணி கேட்டது. டிரிங்... டிரிங்... தெளிவான, அழகான மணி.

மேஜைமேல் இருந்த போன் சும்மா இருந்தது.

மணி போய்க்கொண்டே இருந்தது. சிலுவைதாசன் கையிலிருக்கும் கருவியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். கருவியை வெளியே தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்து, போனைத் தூக்கிப் பின்பக்கம் புரட்டிப் பார்த்து, காதில் வைத்துப் பார்த்து, கீழே வைத்தார். டெல்பின் அசையவில்லை. 'நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை' என்று இனிமையான ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு அடங்கியது.

"இன்னொரு மட்டம் போடுங்க மாமா," என்றாள் டெல்பின்.

போட்டார். அதே மணி, அதே மௌனம், அதே பெண் குரல்.

"மக்ளே," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "ரிங்கு போகுது மக்ளே. எனக்க காதுல போகுது." ஊரே பார்க்கும்படி அந்த வாசலிலேயே உட்கார்ந்து, அடிபடாத கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

மங்கை சென்னைக்குப் போன் போட்டாள். அவளுடைய இயக்குநர் பத்ரி நிதானமாகக் கேட்டார். "மங்கை, நம்ம விதிப்படி அவங்க தப்பு எதுவும் பண்ணலையே. மணி காதுல கேட்டதும் கடிகாரம் நிக்கணும், நிக்குது. அதுக்கு மேல நமக்கு எதுக்கு? கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினா மையத்தோட பேரு என்ன ஆகும்?"

"மையத்தோட பேரு இங்க சுவத்துல எழுதியிருக்கு சார். கரிக்கட்டைல," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் விசாரணை கோயில் சமூகக்கூடத்தில் நடந்தது. ஊர் மொத்தமும் கூடியிருந்தது. குழுவில் மூன்று பேர். மின்னழையிலிருந்து ஹரிஹரன் என்ற துணைத் தலைவர் வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, எல்லோரிடமும் ஒரே அளவு புன்னகை. டெல்பினைத் தனியாக ஒரு நாற்காலியில், பார்க்க வருகிறவர்களுக்கு வசதியாக, நடுவில் உட்காரவைத்திருந்தார்கள்.

குழுத் தலைவர் மங்கையின் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "தாமதம் இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"எழுதினேன். இப்ப திரும்ப வாங்கிக்கறேன்," என்றாள் மங்கை. "படகுல இருந்து கூப்பிட்டா அந்தச் சேதி முதல்ல செயற்கைக்கோளுக்குப் போகணும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரம். அங்கருந்து மின்னழையோட தரை நிலையத்துக்கு எறங்கணும். இந்த ஊருக்கு கேபிள் இல்ல. அதனால தரை நிலையத்துல இருந்து மறுபடி வானத்துக்கு ஏறி, வயர்லெஸ் ரூம் மாடி டிஷ்ஷுக்கு எறங்கணும். போன் அடிக்குதுங்கிற பதிலும் இதே வழியா, ரெண்டு தடவை ஏறி எறங்கித்தான் திரும்பணும். எல்லாம் சேர்த்தா ஒளியோட வேகத்துல போனாலும் ஒரு விநாடி ஆகும். அதைக் குறைக்க யாராலயும் முடியாது, கடவுளே கம்பெனி ஆரம்பிச்சாலும். ஆனா ஜெரால்டுக்கு அரை விநாடியில மணி கேட்டிருக்கு. அரை விநாடியில போக ஒரு தடவை, வர ஒரு தடவைதான் ஏறி எறங்க முடியும். சேதி இந்த ஊருக்கு வரவே இல்ல சார். தரை நிலையத்தோட நின்னுபோச்சு. மணி அங்கருந்தே போயிருக்கு. இங்க இருந்த போன் அடிக்கவே இல்ல."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. ஹரிஹரன் பதறவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல எழுந்து நின்றார்.

"இது குறைபாடு இல்லீங்க, எங்க புது வசதி. தடைக்காலத்துலதான் கொண்டுவந்தோம். 'முன்னறி'ன்னு பேரு. ஒரு நாளைக்கு வர்ற அழைப்புகள்ல பாதிய யாரும் எடுக்கறதே இல்ல. எடுக்காத போனுக்காக செயற்கைக்கோள்ல இடத்தை அடைக்கறது வீண்தானே? அதனால பழைய பதிவெல்லாம் பார்த்து, இந்த அழைப்பு எடுக்கப்படுமா படாதான்னு கணினி முன்கூட்டியே சொல்லிடும். எடுக்கப்படாதுன்னா நாங்க அனுப்பறதில்ல. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது தடவை அது சரியாத்தான் சொல்லுது."

"இந்த நம்பரப் பத்தி என்ன சொல்லிச்சு?" என்றாள் மங்கை.

"புன்னைத்துறை படகுகள்ல இருந்து வயர்லெஸ் ரூமுக்குப் பல வருஷமா ஆயிரக்கணக்கான அழைப்புகள் போயிருக்கு. ஒண்ணுகூட எடுக்கப்படல. எங்க பதிவுலயே இவ்வளவு உறுதியான முன்கணிப்பு வேற எங்கயும் கிடையாது." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு படகுக்காரர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நாங்க குடுத்த மிஸ்டு காலாலயா? நாங்கதான் கெடுத்தோமா?"

மங்கை எழுந்தாள். "உங்க மேல ஒரு தப்பும் கிடையாது," என்று அவள் போட்ட சத்தத்தில் குழுத் தலைவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடுக்காம இருக்கறது உங்க ஊரு பேச்சு. அது என்ன சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியும், டெல்பினுக்குத் தெரியும். இவங்க யாரும் வந்து கேட்டாங்களா? ஒரு ஊரு பத்து வருஷமா பேசிக்கிட்டு இருந்ததை, யாரும் பேசலன்னு முடிவு கட்டிட்டாங்க." ஹரிஹரன் பக்கம் திரும்பினாள். "சரி, அனுப்பமாட்டீங்க. அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. இணைப்பு இல்லைன்னு சொல்லத்தான் ஒரு குரல் வெச்சிருக்கீங்களே. போகாத அழைப்புக்கு எதுக்கு ரிங்?"

"ஒண்ணும் கேக்கலைன்னா வாடிக்கையாளர் பதட்டப்படுவாங்க மேடம். நாங்க அதை ஆறுதல் ஒலின்னு சொல்றோம். அப்புறம், உங்க மையத்தோட அளவையில மணி சீக்கிரம் கேக்கறதுக்குத்தானே மதிப்பெண்?"

பதில் சொன்னவர் சிலுவைதாசன். முன்வரிசையிலிருந்து எழுந்து நின்றார்.

"நாங்க பதட்டப்பட்டிருக்கணும் சாரே," என்றார். "பதட்டப்பட்டிருந்தா வயர்லெஸ்ஸ எடுத்திருப்போம். ரெண்டு போட்டு பக்கத்துல கெடந்துது. நீங்க எங்கள ஆறுதல் படுத்திப்போட்டிய."

ஹரிஹரன் அப்போதுதான் முதல்முறையாகப் புன்னகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

குழு உள்ளே போய்க் கலந்து பேசிவிட்டு வந்தது. சம்பவத்துக்குக் காரணம் 'பயன்பாட்டு வழக்கத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் இடையிலான இடைவெளி' என்று தலைவர் வாசித்தார். டெல்பின்மேல் குற்றம் இல்லை. மின்னழைமேலும் குற்றம் இல்லை, விதி எதையும் அவர்கள் மீறவில்லை. கடலோர வயர்லெஸ் அறைகளின் எண்களுக்கு மட்டும் முன்னறியிலிருந்து விலக்குத் தர வேண்டும். மின்னழை தன்னிடமுள்ள முழுப் பதிவையும், எதையும் கழிக்காமல், அளவை மையத்துக்குக் கொடுக்க வேண்டும். ஹரிஹரன் அங்கேயே போனில் பேசி, சில நிமிடத்தில் விலக்கை வாங்கிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு சுலபமான வேலை அது. மூன்று உயிரைக் குடித்த ஒரு பொய்க்கு 'இடைவெளி' என்று பெயர் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சான்றிதழில் முதலிடம் அப்படியே இருந்தது. நாட்டில் மற்ற எல்லா எண்களுக்கும் அந்த மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். எடுக்காதவர்கள் என்று கணினி முடிவு கட்டியவர்களை நோக்கி யாராவது கூப்பிட்டுக் காத்திருந்து, மனம் கசந்து, இனி அவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

வெளியே ஊர் டெல்பினுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. யாருக்கும் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே வயர்லெஸ் அறைக்குப் போனாள். சுவரில் யாரோ ஈரச் சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கரி போகாமல் பரவிக் கறுத்திருந்தது.

சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் விடைபெற வந்த மங்கை, மேஜை ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து, ஹரிஹரன் கொடுத்த முழுப் பதிவைச் சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். 'சமுத்திர மாதா'விலிருந்து வயர்லெஸ் அறைக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது.

அவள் முகம் மாறியதை டெல்பின் கவனித்துவிட்டாள். "என்ன அக்கா?"

"அஞ்சாவதா ஒரு அழைப்பு இருக்கு. முதல்ல குடுத்த கணக்குல இல்ல." சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். "கூப்பிட்டவங்களே நிறுத்திட்டா அந்த அழைப்பை நாங்க கணக்குல எடுக்கறதில்ல. அதனால விட்டுட்டாங்க."

"நிறுத்தினானா? தண்ணில விழுந்து போன் செத்திருக்கும்."

"செத்திருந்தா இந்தப் பதிவு இப்படி இருக்காது. பாருங்க. கூப்பிடற போன் நடுவுல நிறுத்தினா, ரத்துன்னு ஒரு சேதி அதுல இருந்து கிளம்பணும். செத்த போன்ல இருந்து அது வராது. இங்க வந்திருக்கு. விரலால அழுத்தி, அவரே நிறுத்தியிருக்கார்."

டெல்பின் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன ரிங்கு போச்சு?"

"ஒண்ணு."

டெல்பினின் உதடுகள் அசைந்தன. பிறகு விசாரணை முழுக்க வராத அழுகை வந்தது. முகத்தை மூடாமல், மங்கையைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"ஒத்த ரிங்குண்ணா என்னண்ணு சொன்னேன்லா அக்கா. எல்லாரும் சொகம், வாறோம். போட்டு முங்கும்போ அதப் போட்டிருக்கான். நாலு மட்டம் நான் எடுக்கல்ல. அதான் அஞ்சாவது, நான் எடுக்கக் கூடாத காலாப் போட்டான். அக்காளுக்கு மனசு கஷ்டம் வரப்பிடாதுண்ணு."

மங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒற்றை மணியைக்கூட இவளிடம் கொண்டுவந்து சேர்க்காமல், செயற்கைக்கோளில் இடம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கணக்கில் சேராத அழைப்பு என்று அதற்கு விதியில் பெயர். சென்னைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த விதியின் கழுத்தைப் பிடிப்பது என்று முடிவு செய்தாள். வேலை போனால் போகட்டும்.

"அம்மாட்ட சொல்லணும்," என்று டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் ஒரு படகின் பெயர் தெரிந்தது. ஆழ்கடலுக்குப் போய் இன்னும் திரும்பாமல் இருந்த கடைசிப் படகு அது. டெல்பின் ஓடி வந்து போன்மேல் கையை வைத்தாள், அதிர்வை உள்ளங்கையில் வாங்கிக்கொள்கிறவள்போல. மணி ஒருமுறை அடித்து நின்றது.

அவள் எடுக்கவில்லை.